வீட்டில் நிற்கிறவர்களுக்கு ஒரு கிரேக்கப் பெயர்

தம்பி ராசா,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. காலையில் என் கண் முன்னால்தான் தேத்தண்ணி குடித்தாய், சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமலே பஸ்ஸுக்கு ஓடினாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாயை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? நானும் கண்டதில்லை. ஆனால் உன்னோடு நேரே கதைக்க வந்தால் என்ன நடக்கிறது? நான் ஒரு வசனத்தை முடிக்க முதலே நீ மூட்டு, தசை, நரம்பு என்று இத்தாலியனில் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறாய். கடைசியில் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு எழும்பி விடுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனாய்தானே, அந்தத் தமிழை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டியாவது வாசி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எழுத எழுத, பக்கத்தில் இருக்கிற சுகந்திக்கும் வாசித்துக் காட்டுகிறேன். ஆர் அந்தச் சுகந்தி என்று உடனே துள்ளாதே. அவளிடம் பிறகு வருகிறேன்.

விஷயம் இதுதான். அரசாங்கச் சோதனை எழுதி, இத்தனை பேருக்குள்ளே வென்று, தூர வடக்கே தொரீனோ நகரத்து ஆஸ்பத்திரியில் உனக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. இந்த நாட்டில் நிரந்தர வேலை என்றால் என்ன என்று பலேர்மோவில் பிறந்து வளர்ந்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நீ வேண்டாம் என்று எழுதப் போகிறாய். முந்தாநாள் உன் சிநேகிதனோடு தொலைபேசியில் கதைத்தாய். "நான் போனால் அம்மாவை ஆர் பாக்கிறது?" என்று சொன்னாய். எனக்கு உடைந்தது இடுப்பு எலும்புதான், காது அல்ல. நீ வேண்டாம் என்று எழுதினால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், திரும்பி வராது. உன்னை அனுப்பி வைக்கத்தான் இந்தக் கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீ என்னோடு கோபித்துக்கொண்டே மிச்சத்தை வாசிக்கலாம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சிஞ்ஞோராவின் வீட்டுக் குசினி? நீ லிச்சேயோவில் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய காலம். பள்ளிக்கூடம் விட்டதும் என்னைப் பார்க்க அங்கே வருவாய். சிஞ்ஞோரா உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரின் விதவை. கால் இரண்டும் ஏலாது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நான் அந்த வீட்டில் நின்று அவவைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, உடுப்பாட்டி, காலுக்கு எண்ணெய் போட்டு, மருந்து கொடுத்து, பின்னேரம் பல்கனியில் கொண்டுபோய் விடுவேன். ஊரில் சொல்வது போல, 'வேலைக்கு நிற்கிறேன்'. இத்தாலியர்கள் எங்களுக்கு பதாந்தே என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கவனித்துக்கொள்கிறவள் என்று அர்த்தம். அன்றைக்கு நான் கறிக்கு ஆர்ட்டிசோக்கின் முள்ளை வெட்டிக்கொண்டிருந்தேன். நீ புத்தகப் பையைக் கூட இறக்காமல் வாசலில் நின்று சொன்னாய்.

"அம்மா, உங்களுக்குக் கிரேக்கத்திலை ஒரு பேர் இருக்கு."

"எனக்கு அப்பா வைச்ச பேரே காணும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா."

"உண்மையா அம்மா. தெராப்பெயா. ஒரு பெரிய வீட்டிலை நிண்டு பாக்கிற ஆக்கள் எல்லாருக்கும் சேத்து அந்தப் பேர். ஒராளெண்டால் தெராப்போன். இண்டைக்கு வகுப்பிலை வந்தது."

"வேலைக்காரர் எண்டு சொல்லன். அதுக்கு ஏன் இவ்வளவு நீளம்?"

நீ விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து விளக்கினாய். மிகப் பழைய கதைகளில் தெராப்போன் என்றால் அடிமையே இல்லையாம். வீரனுக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய தேரை ஓட்டி, ஆயுதத்தை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டைப் பரிமாறி, அவனோடு சாகவும் தயாராக இருக்கிற தோழனாம். பிறகு வீட்டுப் பணிக்காரருக்கு அந்தப் பெயர் வந்தது. கடவுளுக்குச் செய்கிற பணிக்கும் அதே சொல். மரத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுப் பராமரிக்கிறதுக்கும் அதே சொல். கடைசியில் வருத்தக்காரரைப் பார்க்கிறதுக்கு வந்து, அங்கிருந்து வருத்தத்தை மாற்றுகிற வைத்தியத்துக்கே பெயராகிவிட்டது. "டொக்டர் எழுதிற தெராபியா இருக்கெல்லே, அது உங்களிலையிருந்து வந்ததுதான் அம்மா" என்றாய். உன் முகத்தைப் பார்த்தால், நீயே அந்தச் சொல்லைத் தோண்டி எடுத்தது மாதிரி இருந்தது. உள்ளே இருந்து சிஞ்ஞோரா மணியை அடித்தா. என்ன சத்தம் அங்கே என்று கேட்டா. நான் போய் என் உடைந்த இத்தாலியனில் அந்தச் சொல்லைச் சொன்னேன். "எனக்குக் கிரேக்கம் தெரியாது, என் காப்பி எங்கே?" என்றா. நாங்கள் இருவரும் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்தேனே தவிர, அந்தச் சொல் என்னை விடவில்லை. நானும் உன் அப்பாவும் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரீனோ ஆரஞ்சுத் தோட்டத்து வேலைக்குத்தான் போனோம். அப்பா ஒரு மரத்தை விட்டு மற்ற மரத்துக்குப் போக முதல் அதன் அடியைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார், மண் காய்ந்துவிட்டதா என்று. அதுவும் தெராப்பெயா என்றால் அப்பாவும் அந்தப் பட்டாளத்தில் ஒருவர்தான், உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், பெரிதாகச் சிரித்திருப்பார். எங்களிடமும் பணிவிடை என்று ஒரு சொல் இருக்கிறது. சுவாமிக்கும் செய்வோம், படுக்கையில் கிடக்கிறவருக்கும் செய்வோம். வைத்தியருக்கும் எங்கள் ஆட்கள் 'வருத்தம் பாக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள், பிள்ளையைப் பார்க்கிறவளுக்கும் அதே பார்க்கிறதுதான். கிரேக்கனும் எங்களைப் போலத்தான் யோசித்திருக்கிறான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கொஞ்ச நாள் சிஞ்ஞோராவின் கட்டிலடியில் நிற்கும்போது, தேருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவ என்னைப் பார்த்து, முதுகு பிடித்துவிட்டதா என்று கேட்டா.

ஆனால் உன்னிடம் ஒரு சண்டையும் பிடித்தேன். "சொல்லு மட்டும் படியேறி டொக்டரிட்டைப் போட்டுது. நிண்ட ஆள் கீழைதான் நிக்கிறாள்" என்று சொன்னேன். தெராபியா என்று டொக்டர் மருந்துத் துண்டு எழுதுவார். அந்தக் குளிசையை வாய்க்குள் வைத்து, துப்பினால் திரும்ப வைத்து, கதை சொல்லி விழுங்கச் செய்கிற ஆளுக்கு அந்தத் துண்டில் இடமில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு ஆர்ட்டிசோக் இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். அந்த வயதில் உனக்கு என்ன பதில் இருக்கப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு நீ டொக்டருக்குப் படிக்கிற புள்ளி இருந்தும் பிசியோதெரபி படிக்கப் போனபோது, கோயிலில் கண்ட சனமெல்லாம் என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிற முகம் வைத்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல்தான், உன் மேல் அல்ல.

உன் பதிலை நான் இந்த வருடம்தான் கண்டேன். சிஞ்ஞோரா வீட்டு வேலை முடிந்த பிறகு, படிக்கட்டைக் கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஒப்பரேஷன் செய்து, நீ வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில்தான் என்னையும் கொண்டுவந்து கிடத்தினார்கள். அடுத்த கட்டிலில் ஒரு கிழவி, கதைக்க ஏலாதவ. நீ அவவின் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தாய். படுக்கையை அவ நனைத்திருந்தா. மணத்தில் எனக்கு முதலே தெரியும். கூட வந்த பெடியன் முகத்தைச் சுளித்து, "இது எங்கடை வேலை இல்லை, அந்த ஆளைக் கூப்பிடு" என்று இத்தாலியனில் சொன்னான். நீ "நான்தானே பக்கத்திலை நிக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையுறையை மாற்றி, கிழவியை ஒரு பக்கம் சரித்து, ஈரத் துணியை உள்ளுக்குச் சுருட்டி, காய்ந்ததை அதன் பின்னாலேயே விரித்து, மறுபக்கம் திருப்பினாய். அவவின் சட்டையை முழங்காலுக்கு இழுத்துவிட்ட பிறகுதான் போர்வையை விலக்கினாய். பிறகு ஒன்றுமே நடவாதது போல முழங்காலை மடக்கு, நீட்டு என்று சொல்லிக்கொடுத்தாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். நீ அதைக் காணவில்லை. உன்னை நினைத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். படியேறிப் போன சொல்லை நீ கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய், ராசா.

பிறகு வீட்டுக்கு வந்தோம். வந்த அன்றே நான் செய்த கூத்தை நீ உன் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாய் என்று தெரியும். கட்டிலில் இருந்து என்னை எழுப்ப நீ குனிந்து, என் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்தாய். எனக்கு என்ன வந்ததோ, இத்தனை வருடப் பழக்கம், என் கையும் தன்பாட்டில் உன் அக்குளுக்குக் கீழே போனது. "உனோ, துவே, த்ரே" என்று நான்தான் எண்ணினேன். எண்ணிவிட்டு உன்னைத் தூக்கத் தொடங்கினேன்.

"அம்மா, ஆர் ஆரைத் தூக்கிறது? விடுங்கோ என்னை!"

"நீ முதுகை வளைச்சு நிக்கிறாய். அப்பிடித் தூக்கினால் உன்ரை நாரியெலும்பு போயிடும்."

"இப்ப நீங்கள்தான் வருத்தக்காரர். சும்மா இருங்கோ."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூக்கப் பார்த்துக் கடைசியில் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தோம். நல்ல காலம், இடுப்பு தப்பியது. சிரிப்பில் எனக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. பதாந்தே வேலை செய்த ஒருத்தியால்தான் இப்படி ஒரு பிழை விட முடியும் என்று நீ சொன்னாய். சரிதான். தூக்கத் தெரிந்த எனக்கு, தூக்கக் கொடுக்கத் தெரியவில்லை. சிஞ்ஞோராவுக்கு அது நன்றாகத் தெரியும். அவ தன் பாரத்தை முழுக்க என்னிடம் தந்துவிட்டு, தலைமயிர் கலைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்பா. அதைத் திமிர் என்றுதான் நான் வருடக் கணக்காக நினைத்திருந்தேன். ஒருவரிடம் உன் உடம்பை நம்பிக் கொடுத்துவிட்டு உன் மரியாதையை நீயே வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை என்று இப்போது விளங்குகிறது. அந்த மனுசியை நினைத்தால் எனக்கு இப்போது மதிப்பாக இருக்கிறது.

எழும்பப் பழகினேன். நடக்கப் பழகினேன். குளிக்கிறதுதான் தொல்லையாகிவிட்டது. நீ குளிப்பாட்ட வந்தபோது நான் கதவைப் பூட்டிவிட்டு, கதிரையில் இருந்தபடி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டேன், அதிலும் சறுக்கப் பார்த்தேன். நீ கதவுக்கு வெளியே நின்று, "தாயைக் குளிப்பாட்டிறதிலை என்ன வெக்கம்? எத்தினை பேரைக் குளிப்பாட்டியிருக்கிறன்" என்று கத்தினாய். கடைசியில் ஒருநாள் ஓம் என்றேன். வெட்கம் கொஞ்சம் இருந்ததுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கண்டது வேறு. அடுத்த கட்டில் கிழவியிடம் ஆடாத உன் கை என்னிடம் ஆடியது. தண்ணீர் சூடா, குளிரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். தையல் போட்ட இடத்தைக் கண்டதும் உன் முகம் செத்துவிட்டது.  அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிவாகியது. மிலானோவில் இருந்து சிஞ்ஞோராவின் மகள் வந்தால் தாயை ஒருநாள் குளிப்பாட்டுவாள், பிறகு குளியலறைக்குள் நின்று அழுவாள், தாய் அவளைப் பேசி விரட்டுவா. என்னைக் கூப்பிடு என்பா. மகளிடம் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் கூடினதுதான் தொல்லை, கரைச்சல். கூட நிற்கிற ஆள் கொஞ்சம் தள்ளி நிற்கவும் வேண்டும். அந்தப் பழைய கிரேக்கனும் வீரனின் தேரை ஓட்டுவதற்கு அவனுடைய பிள்ளையை வைக்கவில்லை, ஒரு தோழனைத்தான் வைத்தான் என்று நீயே சொன்னாய்.

ஆகவே நான் ஒரு ஆளை வைத்துவிட்டேன். சிரிக்காதே. பதாந்தேக்கு ஒரு பதாந்தே. அவள்தான் சுகந்தி, வன்னிப் பிள்ளை, சண்டை முடிந்த பிறகு இங்கே வந்தவள். ரயில் ஸ்தாசியோனே பக்கத்தில் ஒரு அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாள். காலையில் ஒரு வீட்டில் சமைக்கப் போய், மத்தியானத்தோடு வந்துவிடுவாள். அவளுக்கு இருக்க ஒரு இடம் வேண்டும், எனக்கு இரண்டு கை வேண்டும், சம்பளமும் பேசிவிட்டோம். நேற்று நீ வேலைக்குப் போயிருக்க, அவள் வந்து இந்தச் சோபாவின் நுனியில் இருந்தாள். நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். முதல் எங்கே வேலை செய்தாய், ஏன் விட்டாய், பொறுமை இருக்கிறதா என்று. கேட்கக் கேட்க, அது என் குரலே இல்லை, சிஞ்ஞோராவின் குரல். சுகந்தி ஒவ்வொன்றுக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "பிள்ளை, நிமிந்து இரு. நீயும் என்னைக் கேள், நான் கரைச்சல் பிடிச்ச ஆளோ எண்டு" என்றேன். அவள் நிமிர்ந்தாள். "நீங்கள் கரைச்சல் பிடிச்ச ஆளோ, அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்று சொன்னேன். இதை இப்போது வாசித்துக் காட்டியபோதும் தலையை ஆட்டுகிறாள், கள்ளி.

இன்று காலையில் நீ போன பிறகு, சமைக்கிற வீட்டுக்குப் போக முதல் அவள் வந்து என்னைக் குளிப்பாட்டினாள். தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். நாங்கள் இருப்பது மேல் மாடி, காகம் கூட எட்டிப் பார்க்காது, இருந்தும் யன்னலைச் சாத்தினாள். பெரிய துவாயால் என்னைப் போர்த்திவிட்டு, கழுவுகிற இடத்தை மட்டும் விலக்கினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சவர்க்காரம் கூடிப்போச்சு, இந்தப் பக்கம் விடுபட்டுப்போச்சு, கதிரைக் காலைப் பிடி என்று ஒரே நச்சரிப்பு. அவள் நுரைக் கையோடு நிமிர்ந்து, "அக்கா, கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் இருங்கோ" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அவள் பதறவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. தலையில் தண்ணீரை ஊற்றினாள். அழுதது தண்ணீரோடு போய்விட்டது. தலை துவட்டி, பின்னிவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தந்தாள். எனக்குத் தேவையான ஆள் கிடைத்துவிட்டாள் என்று எழுதுகிறேன், நம்பு. உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக எழுதவில்லை.

நீ போனால் நான் அழுவேன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு தொலைபேசியில் குரலை வைத்துக் கண்டுபிடித்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவேண்டாம். ஆனால் நீ போகாமல் இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பார்த்துக் குறுகிப்போவேன், அது அழுகிறதை விட மோசம். அந்த ஆஸ்பத்திரியில் உனக்காக எத்தனையோ பேர் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் நில். உன் கை ஆடாத இடம் அதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்த ஊர் வீடுகளில் தங்கி நிற்கிறவளுக்கு என்ன இடம் கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். குசினிக்குப் பின்னால், யன்னல் இல்லாமல், துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் ஒரு கட்டில். நான் அப்படி ஒரு அறையில்தான் கிடந்தேன், வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் உன்னிடம் வருவேன். மத்தியானம் சுகந்தி தன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் குசினிக்குப் பின்னால் உள்ள களஞ்சிய அறையை எட்டிப் பார்த்து, "இஞ்சையோ அக்கா?" என்று கேட்டாள். இயல்பாகத்தான் கேட்டாள். "இல்லை, அங்கை" என்று உன் அறையைக் காட்டினேன். பல்கனி உள்ள அறை, காலை வெயில் வரும். அவள் நம்பாமல் வாசலில் நின்றாள். கையைப் பிடித்து உள்ளே தள்ளினேன், வோக்கரோடு நின்று ஒரு கையால்தான்.

உன் உடுப்பெல்லாம் அவள் மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். தொரீனோவில் குளிராம், கம்பளிச் சட்டையை மேலே வைத்திருக்கிறாள். கிரேக்கப் புத்தகங்களை ஒரு பக்கமாக வைத்திருக்கிறோம், எடுத்துக்கொண்டு போகிறதோ விட்டுவிட்டுப் போகிறதோ உன் விருப்பம். இன்றைக்கு நீ வேலையால் வரும்போது உன் கட்டிலில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், பாவம், கன நாளைக்குப் பிறகு தனி அறையில் படுக்கிறாள், எழுப்பாதே. நீ சோபாவில் படு. உன் உயரத்துக்குக் கால் நீட்ட அது காணாது, ராசா.

அம்மா